புளியமரத்துத் துறைமுகம்

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டக்காரின் துறைமுகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது 2010 பிப்ரவரியில். அப்போது ஒரு கெமிக்கல் டேங்கரில் பம்ப்மேனாக இருந்தேன். ஏற்ற வேண்டிய சரக்கு பாஸ்பாரிக் அமிலம். இறக்க வேண்டிய இடம் குஜராத்தில் இருக்கிற காண்ட்லா. செனகல் என்று சொன்னால் அதுவரைக்கும் எனக்கு நினைவுக்கு வந்தது, 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே பிரான்சைத் தோற்கடித்த கால்பந்து அணி மட்டும்தான்.

பாஸ்பாரிக் அமிலத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக, பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். அதே அளவு தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை. பாறையிலிருந்து எடுத்ததால் அதற்குள் நுண்ணிய ஜிப்சம் மிதந்துகொண்டே இருக்கும். சும்மா விட்டால் டேங்கின் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். அதனால் கடலில் போகும் நாளெல்லாம் பம்பைப் போட்டு டேங்குக்குள்ளேயே சுற்றவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால், சரக்கை இறக்கிய பிறகு ஆட்கள் பாதுகாப்பு உடையோடு உள்ளே இறங்கி மண்வெட்டியால் வாரவேண்டி வரும். நான் ஒரு முறை வாரியிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் பம்ப் ஓடுகிற சத்தம் காதில் விழாமல் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

அந்த முதல் பயணத்தில்தான் தோந்தோனைச் சந்தித்தேன். கப்பலுக்கு வெங்காயம், மீன், முட்டை கொண்டுவந்து கொடுக்கும் கடையில் கணக்குப் பார்ப்பவர். தோந்தோன் என்றால் பிரெஞ்சில் மாமா. துறைமுகத்தில் எல்லாருக்கும் அவர் மாமாதான், எனக்கும் அப்படியே ஆனார். இளமையில் டக்கார் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். இந்தியன் என்றதும் வழக்கம்போல ஒரு இந்திப் படப் பாட்டை முணுமுணுத்தார். டக்காரில் இந்திப் படங்களுக்கு அவ்வளவு ரசிகர்கள். அது என் மொழி இல்லை என்றேன். அப்படியானால் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். தமிழ் என்றேன். அவருக்குப் புரியவில்லை. டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியதும், "தமூல்!" என்று ஏறக்குறையக் கத்தினார். அப்புறம், "செங்கோர்! செங்கோர்!" என்றார். என் காதில் முதலில் செங்கோல் என்றுதான் விழுந்தது.

எங்கள் ஜனாதிபதி செங்கோர் உங்களைச் சொந்தக்காரர்கள் என்பார், நாங்கள் படிக்கும்போது அதைப் பேசிப் பேசிக் கேட்டிருக்கிறோம், நீ எப்படி அதைக் கேள்விப்படாமல் இருக்கிறாய் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு தேசத்தின் தலைவர் நம்மைச் சொந்தம் என்று சொல்லியிருக்கிறார், நமக்குச் செய்தியே தெரியவில்லை. தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

லெயோபோல் செதார் செங்கோர் 1906-இல் ஜோவால் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். செரேர் இனத்துக் கத்தோலிக்கர். பிரெஞ்சில் கவிஞர், படிப்பால் இலக்கண ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சண்டைபோட்டு 1940-இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு முகாமில் கிடந்தவர். 1960-இல் செனகல் விடுதலை அடைந்தபோது முதல் ஜனாதிபதி ஆனார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் ஒரு கிறிஸ்தவர் 20 ஆண்டுகள் ஆட்சி செய்தார். 1980-இன் கடைசி நாளில் தானாகவே பதவியைவிட்டு இறங்கினார். எதிர்க்கட்சிகளை ஒடுக்கினார், சகாக்களைச் சிறையில் வைத்தார் என்ற குற்றச்சாட்டுகளும் அவர்மேல் உண்டு. அதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

அவர் காலத்தில் பிரெஞ்சுக் காலனிப் பள்ளிகளில் வரலாற்றுப் பாடம் 'நம் முன்னோர்களான கோல் மக்கள்' என்றுதான் தொடங்கும். கோல் மக்கள் என்றால் பிரான்சின் பழங்காலக் குடிகள். கறுப்புப் பிள்ளைகளும் அதையே ஒப்பிக்க வேண்டும். பாரிசில் படிக்கப் போன இடத்தில் எமே செசேர், லெயோன் தமாஸ் ஆகிய இரு கவிஞர்களோடு சேர்ந்து, கறுப்பராக இருப்பதைத் தலைநிமிர்ந்து சொல்லும் நெக்ரித்யூட் இயக்கத்தை 1930-களில் செங்கோர் தொடங்கியதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம். அங்கே அவருக்கு மொழியியல் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் லிலியாஸ் ஓம்புர்ஜே. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று வாதிட்டவர் அந்த அம்மையார். இந்த விதை செங்கோர் மனதில் முப்பது நாற்பது வருடம் கிடந்து முளைத்தது.

1974 மே மாதம் ஜனாதிபதியாக இந்தியா வந்த செங்கோர், சென்னையில் நெக்ரித்யூடையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து ஒரு உரை ஆற்றினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆய்விதழில் அந்த உரை அதே ஆண்டு வெளியானது. டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கு ஏன் ஒரு துறை வேண்டும் என்று அவர் எழுதியதும் அதில் வந்தது. இதை எழுதியவர் ஒரு நாட்டின் ஜனாதிபதி. செனகலில் பாதிப் பேருக்கு நிலக்கடலை விவசாயம்தான் வாழ்வு, சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியை வறட்சி வாட்டிய காலம் அது. அந்த நிலையிலும் தமிழும் திராவிட மொழிகளும் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

ஆட்களும் போனார்கள். துளு மொழிப் பேரகராதியை உருவாக்கிய உ. பத்மநாப உபாத்யாயாவும் அவர் மனைவி சுசீலாவும் டக்காரில் பணியாற்றினார்கள். நம்மிடமிருந்து போனவர் க. ப. அறவாணன். பிறகு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தாரே, அவரேதான். தமிழர் பண்பாட்டையும் ஆப்பிரிக்கப் பண்பாட்டையும் ஒப்பிட்டு அவர் எழுதியதற்கெல்லாம் அடிப்படை செனகல் வாழ்க்கைதான். திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் அட்லாண்டிக் கரையில் உட்கார்ந்து செனகல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் அமிலம் ஏற்றிய ஊரில் எனக்கு முன்னால் தமிழ் இறங்கியிருக்கிறது.

சரி, சொந்தம் உண்மையா? இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை. மொழியியலாளர்கள் அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. செனகலில் பேசும் வொலோஃப், செரேர், ஃபுலானி எல்லாம் நைஜர்-காங்கோ என்ற பெரும் குடும்பத்தைச் சேர்ந்தவை, தமிழ் திராவிடக் குடும்பம். ஒலியில் ஒத்துப்போகும் சில சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தால் எந்த இரண்டு மொழியையும் உறவாக்கிவிடலாம். முறையான ஒலிமாற்ற விதிகளோடு காட்டினால்தான் அது உறவு. கேமரூனில் தமிழ் பேசுகிறார்கள் என்று வாட்சாப்பில் ஒரு காணொளி வருடம் தவறாமல் சுற்றி வருகிறது. அதை அனுப்புகிறவர்களிடம் நான் பொறுமையாக இதைத்தான் சொல்கிறேன். முதலில் எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. தோந்தோன் அவ்வளவு ஆசையாகச் சொன்ன சொந்தம் இல்லை என்று ஆகிவிட்டதே என்று.

ஆனால் செங்கோர் ஏன் தேடினார் என்பதை யோசித்தால் வருத்தம் போய்விடுகிறது. உனக்கென்று வரலாறே இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். சென்னையில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், உங்கள் மொழி சமஸ்கிருதத்தின் கிளைதான் என்று வெகுகாலம் சொல்லக் கேட்டவர்கள். 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதி நிறுவிய பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. ஒரே மாதிரி அவமானப்பட்ட இரண்டு பேர் சந்திக்கும்போது, நாம் ஒரே ரத்தமாக இருப்போமோ என்று தோன்றுவது இயல்பு. ரத்தம் ஒன்றில்லை. பட்ட காயம் கிட்டத்தட்ட ஒன்று. அந்தக் கணிப்பில் அவர் தவறவில்லை என்றே நான் நம்புகிறேன். 1982-ஆம் ஆண்டுக்கான நேரு விருதை இந்தியா அவருக்குக் கொடுத்தது.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் வேறு கணக்கில் போனார்கள். 2005-இல் ஜனாதிபதி அப்துலாய் வாத் தைவானோடு உறவை முறித்துச் சீனாவோடு சேர்ந்தார். நாடுகளுக்கு நண்பர்கள் கிடையாது, நலன்கள்தான் உண்டு என்று தைவான் ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார். சீனாவின் உதவியில் தேசிய நாடக அரங்கமும், கறுப்பு நாகரிகங்களின் அருங்காட்சியகமும் டக்காரில் எழுந்தன. நகரத்தின் குன்றில் நிற்கும் 49 மீட்டர் உயர ஆப்பிரிக்க மறுமலர்ச்சிச் சிலையைக் கட்டியது வட கொரிய நிறுவனம். நான் போன 2010-இல்தான் அதைத் திறந்தார்கள்.

இந்தியா கொடுத்தவற்றில் கண்ணை உயர்த்திப் பார்க்கிற மாதிரி எதுவும் என் கண்ணில் படவில்லை. தெருவில் ஓடுவது கண்ணில் படும். டக்காரில் வெள்ளை மினிபஸ்ஸை மக்கள் 'டாடா' என்றே சொல்கிறார்கள். டாடாவில் ஏறு, டாடா வந்துவிட்டது, இப்படி. தியேஸ் நகரத்தில் அந்த வண்டிகளை இணைத்துக் கட்டும் தொழிற்சாலை இருக்கிறது. இந்திய அரசின் கடனுதவியும் இதன் பின்னால் உண்டு. 2004-இல் எட்டு மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளோடு டெல்லியில் 'டீம்-9' என்ற கூட்டு அமைத்து 50 கோடி டாலர் கடன் அறிவித்தார்கள். அந்த எட்டில் செனகலும் ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது, 2004-இல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். ஆப்பிரிக்க நாடுகளையெல்லாம் செயற்கைக்கோள் வழியாக இந்திய மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் இணைக்கலாம் என்று சொன்னார். அது நிறைவேறியது. 2009 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கியது. அதன் மைய நிலையத்தை அமைத்த இடம் டக்கார். ராமேஸ்வரத்துக்காரர் மனதில் உதித்தது, சென்னை மருத்துவர்கள் திரையில் நோயாளியைப் பார்த்தது, அலைகள் போய்த் திரும்பியது டக்கார் வழி. அதற்கு ஒரு வருடம் கழித்து நான் அதே ஊரில் நின்றுகொண்டு, இது என்ன ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி அமிலத்துக்கு வருகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். டக்காருக்கு வடகிழக்கே தாய்பா பக்கம் பாஸ்பேட் பாறை கிடைக்கிறது. அதைத் தோண்டி, அரைத்து, கந்தக அமிலத்தோடு சேர்த்தால் பாஸ்பாரிக் அமிலம். அதற்கான ஆலை அங்கே 1984-இல் உற்பத்தி தொடங்கிய காலத்திலிருந்தே பெரிய வாடிக்கையாளர் இந்தியாதான். நம் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவுக்கு அந்த ஆலையில் பங்கு இருந்தது. 2006 வாக்கில் ஆலை கடனில் மூழ்கியபோது பணம் போட்டுக் காப்பாற்றியதும் இஃப்கோ முன்னின்ற இந்தியத் தரப்புதான். பிறகு 2014-இல் இந்தோராமா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. காண்ட்லாவில் நாங்கள் இறக்கும் அமிலத்தோடு அம்மோனியாவைச் சேர்த்தால் டிஏபி உரம். மூட்டையில் 18-46 என்று போட்டிருக்குமே, அந்த 46 பாஸ்பேட்டின் பங்கு. ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் சித்தப்பா நடவுக்கு முன்னால் வயலில் தூவுவாரே, அந்த மாதிரி மூட்டைகளில் எத்தனையோ செனகல் பாறையின் பிள்ளைகள்.

2013-இல் மூன்றாவது முறை போனபோது தோந்தோன் என்னை ருஃபிஸ்கில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். டாடாவில்தான் போனோம். வெள்ளிக்கிழமை. பாயை விரித்து நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்தார்கள். செபு ஜென், அதாவது மீன்சோறு. தக்காளியில் சிவந்த சோற்றின்மேல் மரவள்ளி, முட்டைக்கோசு, கேரட், கத்திரிக்காய், நடுவில் முழுசாக வெந்த தியோஃப். நம்ம தூத்துக்குடியில் களவா என்கிறோமே, அந்த இனம். எல்லாரும் ஒரே தாம்பாளத்தில் அவரவர் முன்னால் உள்ளதை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும். மாமி மீனைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு ஹோஞ் என்று பெயர், பெரிய மரியாதை. எங்கள் வீட்டில் சட்டிச் சோற்றுக் காந்தலுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வது நினைவுக்கு வந்தது.

சோற்றைக் கையில் எடுத்ததும் எனக்கு ஆச்சரியம். முழு அரிசி இல்லை, நொய். நம் ஊரில் நொய் என்றால் கஞ்சிக்கும் கோழிக்கும். இங்கே விருந்துக்கு நொய்தான். பிரெஞ்சுக்காரர்கள் செனகல் விவசாயிகளை நிலக்கடலைக்குத் திருப்பிவிட்டு, சாப்பாட்டுக்கு இந்தோசீனாவிலிருந்து ஆலைக் கழிவாக மலிவாகக் கிடைத்த நொய்யைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அந்த நொய்யை வைத்து செனகலின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெண்கள் இந்தச் சோற்றைப் படைத்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ இதை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காலனி அரசு தள்ளிவிட்டதை எடுத்து இப்படி ஒரு சாப்பாடு ஆக்கியவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

"இந்த நொய் எங்கிருந்து வருகிறது தெரியுமா, டோம்?" என்று தோந்தோன் கேட்டார். டோம் என்றால் பிள்ளை. சமையலறையிலிருந்து காலிச் சாக்கை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். இந்தியாவில் விளைந்தது என்று போட்டிருந்தது. அவர்கள் பாறை நம் வயலுக்கு, நம் வயலின் நொய் அவர்கள் தாம்பாளத்துக்கு. ஒரு கையில் மீன்சோறு, எதிரில் அந்தச் சாக்கு. மூன்று வருடமாக நான் ஓட்டிய பம்ப் எதற்காக ஓடியது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சாப்பாட்டோடு புளியும் வைத்திருந்தார்கள். வொலோஃபில் புளிக்கு தகார் என்று பெயர். டக்கார் என்ற ஊர்ப்பெயரே அந்தப் புளியமரத்திலிருந்து வந்ததாக ஒரு வழக்கு இருக்கிறது. புளியமரத்தின் தாய்நிலம் ஆப்பிரிக்கா. நம் குழம்பின் புளிப்பே அங்கிருந்து எப்போதோ கடல் தாண்டி வந்ததுதான். மொழியில் தேடிய உறவைச் செங்கோர் புளியில் தேடியிருந்தால் மறுக்க ஆளே இல்லை.

2022 ஜூனில் துணைக் குடியரசுத் தலைவர் வெங்கையா நாயுடு டக்கார் போனார். தூதரக உறவின் 60-ஆம் ஆண்டு, ஒப்பந்தங்கள், கைகுலுக்கல். மூன்றே மாதத்தில், செப்டம்பரில், இந்தியா நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்நாட்டில் விலை ஏறிவிட்டது, கோழித்தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் நொய் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். தோந்தோனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "டோம், உங்கள் ஊரில் அரிசி இல்லையா?" நான்தான் அரசாங்கம் என்பது போல. நான் வெட்கப்பட்டேன். நம் சொந்தத் தேவையை நாம் பார்க்க வேண்டும், சரி. ஆனால் கோழிக்கும் பெட்ரோலில் கலக்கும் சாராயத்துக்கும் முன்னால் அந்த வெள்ளிக்கிழமைத் தாம்பாளம் வர வேண்டும் என்பது என் கருத்து. செனகல் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் 2023-இல் அந்த நாட்டுக்குத் தனி அனுமதி கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் தடையே நீங்கியது. தனி அனுமதி வந்த அன்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு தாம்பாளத்தின் படம் பதிலாக வந்தது.

கடல் வேலையை விட்டு இப்போது கரையில் இருக்கிறேன். போன வருடம் சென்னைக்குப் போனபோது தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவன நூலகத்துக்குப் போய் அந்த 1974 இதழைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள். தாள் பழுத்து, ஓரம் உதிர்கிற நிலையில் இருந்தது. செங்கோரின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். பக்கங்களைப் படமெடுத்து தோந்தோனுக்கு அனுப்பினேன். இரவெல்லாம் படித்திருப்பார் போல. காலையில் குரல் செய்தி. நங்கா டெஃப் என்று விசாரித்துவிட்டு, சென்னையில் எங்கள் வொலோஃப் மொழியை யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

"அப்படியானால் நான் சொல்லித்தருகிறேன்" என்றார்.

எண்களில் ஆரம்பித்தோம். பென், ஞார், ஞெத், ஞெந்த், ஜுரோம். ஒன்றிலிருந்து ஐந்து. நம் எண்களோடு ஒரு ஒற்றுமையும் இல்லை, ஓம்புர்ஜே அம்மையார் மன்னிக்கட்டும். ஆனால் சொல்லின் முதலிலேயே ஞகரம் வருகிறது. ஞாயிறு, ஞாலம் என்று சொல்லிப் பழகிய நாக்கு என்பதால் முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஐந்துக்கு மேல் புதிய சொல் கிடையாது, கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஜுரோம் பென், ஐந்தும் ஒன்றும், ஆறு. ஜுரோம் ஞார், ஐந்தும் இரண்டும், ஏழு. பத்துக்குத்தான் மறுபடி புதிய சொல், ஃபுக்.

பதிலுக்கு நம் எண்களைச் சொல்லி அனுப்பினேன். ஆறு வரைக்கும் வந்துவிட்டார். ஏழில் நிற்கிறார். நேற்று ராத்திரி ஐந்து குரல் செய்திகள். ஏலு, ஏளு, ஏயு, மறுபடி ஏலு. ஐந்தாவதில் நாக்கு கொஞ்சம் உள்ளே மடிந்திருக்கிறது, அது கேட்கிறது.